கல்லூரியின் பெயரா, கட்டணச் சலுகையா, வளாகமா: செட்டிநாட்டுக் குடும்பங்களுக்கு ஒரு நான்கு வருடக் கணக்கு

பிளஸ் டூ முடிவுகள் வந்த மறுநாளே காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர், பொன்னமராவதி என்று எந்த ஊர்ப் பேருந்து நிலையத்துக்குப் போனாலும் கல்லூரிகளின் ஃபிளெக்ஸ் பலகைகள்தான் கண்ணில் படும். '100 சதவீத பிளேஸ்மென்ட்', 'மதிப்பெண் அடிப்படையில் உதவித்தொகை', 'ஏ பிளஸ் பிளஸ் தகுதி' என்று ஒவ்வொன்றும் ஒவ்வொன்றைச் சொல்லும். வீட்டில் இன்னொரு பேச்சு நடக்கும். சென்னைப் பக்கம் பெயர் பெற்ற நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கிறது, ஆனால் செலவு அதிகம். உள்ளூரிலோ மதுரையிலோ குறைந்த செலவில் படிக்கலாம், ஆனால் 'அந்தக் காலேஜா?' என்று நாலு பேர் கேட்பார்கள். என்ன செய்வது?

பெயரை அளக்க ஒரு கோல், பணத்தை அளக்க வேறொரு கோல். வளாகத்தின் சூழலை அளக்கக் கோலே இல்லை. மூன்றையும் ஒரே தட்டில் வைத்து எடை போடப் பார்ப்பதால்தான் குழப்பம் வருகிறது. பொறியியல் படிப்பை முதன்மை உதாரணமாக வைத்து ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்ப்போம். கலை, அறிவியல் படிப்புகளுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

## சிக்கல் எங்கே இருக்கிறது

தமிழ்நாட்டில் பெயரும் விலையும் ஒன்றாக ஏறுவதில்லை என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். உச்சியில் இருப்பவை பெரும்பாலும் அரசு நிறுவனங்கள். கட்டணச் சலுகைகளையும் கணக்கில் எடுத்தால், அவற்றின் செலவு பெரும்பாலும் விலை கூடிய தனியார் நிறுவனங்களின் செலவைவிடக் குறைவு.

சென்னை ஐ.ஐ.டி.யின் கல்விக் கட்டணம் ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் என்று கேட்டதும் பல குடும்பங்கள் பின்வாங்கிவிடுகின்றன. ஆனால் பட்டியல் சாதி, பழங்குடி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு அந்தக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. மற்றவர்களில் குடும்ப ஆண்டு வருமானம் 1 லட்சத்துக்குள் இருந்தால் முழுத் தள்ளுபடி, 1 முதல் 5 லட்சத்துக்குள் இருந்தால் மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி. துவாக்குடியில் இருக்கும் திருச்சி என்.ஐ.டி.யில் ஆண்டுக் கல்விக் கட்டணம் 1.25 லட்சம். அங்கும் இதே மாதிரி வருமானச் சலுகை உண்டு, பாதி இடங்கள் தமிழ்நாட்டு மாணவர்களுக்கு. அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகக் கல்லூரிகளிலும் அரசு பொறியியல் கல்லூரிகளிலும் கல்விக் கட்டணம் இதைவிடப் பல மடங்கு குறைவு.

ஆகவே ஐ.ஐ.டி., என்.ஐ.டி., கிண்டி ஆகியவற்றில் விரும்பிய பாடப்பிரிவோடு இடம் கிடைக்கும் மாணவருக்கு இந்தத் தராசே தேவையில்லை. நேராகச் சேர்ந்துவிடலாம். தராசு தேவைப்படுவது அதற்கு அடுத்த படியில் நிற்பவர்களுக்கு. கட் ஆஃப் நன்றாக இருக்கிறது, ஆனால் உச்சிக் கல்லூரிக்குப் போதவில்லை. அந்த இடத்தில்தான் விலை கூடிய பெயரும் விலை குறைந்த உள்ளூர்க் கல்லூரியும் எதிரெதிரே வந்து நிற்கின்றன. செட்டிநாட்டில் ஆண்டுதோறும் முடிவெடுக்கத் திணறுகிற பிள்ளைகளில் பெரும்பாலோர் இந்தப் படியில்தான் இருக்கிறார்கள்.

## 'பெயர்' என்றால் எந்தப் பெயர்?

கல்லூரிக்குப் பெயர் இருக்கிறது என்று சொல்லும்போது மூன்று வேறு விஷயங்களைக் கலந்து பேசுகிறோம்.

1. தெருவில் உள்ள பெயர். உறவினர், அக்கம்பக்கம், கல்யாண வீட்டில் கேட்பவர்கள் அறிந்த பெயர். விளம்பரமும் கட்டடமும் இதை வளர்க்கும்.

2. துறையில் உள்ள பெயர். ஆள் எடுக்கும் நிறுவனங்களும், மேற்படிப்புக்கு இடம் கொடுக்கும் பேராசிரியர்களும் அறிந்த பெயர். இது கல்லூரிக்கு மொத்தமாக வராது, பாடப்பிரிவுக்குப் பாடப்பிரிவு மாறும்.

3. தாளில் உள்ள பெயர். மத்திய அரசின் கல்வி நிறுவனத் தரவரிசையான என்.ஐ.ஆர்.எஃப்., கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்பின் தகுதி, பாடப்பிரிவுகளை மதிப்பிடும் என்.பி.ஏ. அமைப்பின் அங்கீகாரம் ஆகியவை.

முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் எவ்வளவு இடைவெளி இருக்கலாம் என்பதற்கு காரைக்குடியிலேயே சான்று இருக்கிறது. மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், ஊர்க்காரர்கள் சொல்லும் 'சிக்ரி', வள்ளல் அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கர் நிலத்திலும் 15 லட்சம் ரூபாயிலும் உருவானது. 1948-ல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953-ல் திறக்கப்பட்டது. மின்கலம், உலோக அரிமானம், மின்முலாம் ஆகிய துறைகளில் நாடு முழுவதும் அறிந்த ஆய்வகம் அது. அதன் வளாகத்தில் அண்ணா பல்கலைக்கழகப் பட்டத்துக்கான வேதி மற்றும் மின்வேதிப் பொறியியல் பி.டெக். படிப்பும் நடக்கிறது. மின்சார வாகனங்களும் பேட்டரிகளும் இவ்வளவு பேசப்படும் நேரத்தில், அப்படி ஒரு படிப்பு உள்ளூரில் இருப்பதே தெரியாமல் பிள்ளையை வெளியூர் அனுப்பும் வீடுகள் உண்டு. தெருவில் அந்தப் படிப்புக்குப் பெயர் இல்லை, துறையில் இருக்கிறது. 1952-ல் தொடங்கிய அழகப்பச் செட்டியார் அரசு பொறியியல் கல்லூரியையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். அங்கே சேர விரும்புபவர் தான் எடுக்கப்போகும் பாடப்பிரிவில் எத்தனை நிரந்தர ஆசிரியர்கள் இருக்கிறார்கள், ஆய்வகம் எப்படி இருக்கிறது, கடந்த மூன்று வருடங்களில் எந்த நிறுவனங்கள் வந்தன என்று கேட்டுவிட்டு முடிவெடுக்கலாம். 'உள்ளூர்தானே' என்ற ஒரே காரணத்துக்காக ஒதுக்குவது பெரிய இழப்பு.

தாளில் உள்ள பெயரைப் படிக்கவும் கொஞ்சம் பழக்கம் வேண்டும். என்.ஐ.ஆர்.எஃப். பொறியியல் தரவரிசையில் கற்பித்தலும் வசதிகளும் 30 சதவீதம், ஆராய்ச்சி 30, பட்டம் பெற்றவர்களின் நிலை 20, பலதரப்பட்டவர்களையும் சேர்த்துக்கொள்வது 10, மற்றவர்கள் மத்தியில் உள்ள மதிப்பு 10. ஆராய்ச்சிக் கட்டுரைகள் கூடினாலே ஒரு கல்லூரி மேலே ஏறிவிடும் என்று இதிலிருந்தே தெரிகிறது. முதலாம் ஆண்டு மாணவருக்கு யார் பாடம் எடுக்கிறார் என்பதற்கும் அந்த ஏற்றத்துக்கும் நேரடித் தொடர்பு இல்லை. நாக் தகுதி முழு நிறுவனத்துக்கும் கொடுக்கப்படுவது. என்.பி.ஏ. அங்கீகாரம் ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் தனித்தனி. 'என்.பி.ஏ. உண்டு' என்று பலகையில் போட்டிருந்தால், உங்கள் பிள்ளை சேரும் பிரிவுக்கு உண்டா, எந்த வருடம் வரைக்கும் என்று கேளுங்கள்.

என்.ஐ.ஆர்.எஃப். தளத்தில் தரவரிசையைவிடப் பயனுள்ள இன்னொன்று இருக்கிறது. ஒவ்வொரு நிறுவனமும் தானே சமர்ப்பித்த விவரப் படிவம். எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் உரிய காலத்தில் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, இடைநிலைச் சம்பளம் என்ன, எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள் என்பதெல்லாம் அதில் உண்டு. இடைநிலைச் சம்பளம் என்றால், வேலை பெற்றவர்களைச் சம்பள வரிசையில் நிறுத்தினால் நட்ட நடுவில் நிற்பவர் வாங்கும் தொகை. பலகைகளில் வரும் 'அதிகபட்சச் சம்பளம்' ஒரே ஒருவர் வாங்கியது. சராசரியையும் அந்த ஒருவர் தூக்கிவிடுவார். நடுவில் நிற்பவரின் சம்பளம்தான் உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு அருகில் இருக்கும் எண்.

## செலவு: முதல் வருட ஃபீஸை மட்டும் பார்க்காதீர்கள்

வரவு, செலவு, பற்று எல்லாவற்றையும் எழுதி ஐந்தொகை எடுத்துப் பழகிய ஊர் இது. ஆனால் கல்லூரி விஷயத்தில் மட்டும் முதல் வருடக் கட்டணத்தை வைத்தே முடிவு செய்கிறோம். நான்கு வருடத்துக்கும் எழுத வேண்டும். கீழே உள்ளவை கணக்கு போடும் முறையைக் காட்டுவதற்கான உத்தேசத் தொகைகள். உங்கள் கல்லூரியின் தொகைகளை அந்த இடங்களில் வைத்துக்கொள்ளுங்கள்.

அ. வீட்டிலிருந்தே போய்வரும் அரசுக் கல்லூரி. கட்டணங்கள் 25,000, போக்குவரத்து, சாப்பாடு, புத்தகம் 20,000. ஆண்டுக்கு 45,000. நான்கு வருடம் 1.8 லட்சம்.

ஆ. மதுரைப் பக்கம் சுயநிதிக் கல்லூரி, அரசின் கவுன்சலிங் வழியாக. கல்விக் கட்டணம் 55,000, விடுதியும் மெஸ்ஸும் 80,000, மற்றவை 25,000. ஆண்டுக்கு 1.6 லட்சம். நான்கு வருடம் 6.4 லட்சம்.

இ. தொலைவில் உள்ள நிகர்நிலைப் பல்கலைக்கழகம், '25 சதவீத உதவித்தொகை'யோடு. கல்விக் கட்டணம் 2.5 லட்சம், சலுகை போக 1,87,500. விடுதியும் மெஸ்ஸும் 1.25 லட்சம், மற்றவை 25,000. ஆண்டுக்கு 3,37,500. நான்கு வருடம் 13.5 லட்சம்.

மூன்றாவது கணக்கை உற்றுப் பாருங்கள். உதவித்தொகை இல்லாவிட்டால் ஆண்டுச் செலவு 4 லட்சம். கிடைத்த சலுகை 62,500. அதாவது மொத்தச் செலவில் ஏறக்குறைய 16 சதவீதம்தான் குறைந்தது. 25 என்ற எண் கல்விக் கட்டணத்துக்கு மட்டும் உரியது. எவ்வளவு குறைத்தார்கள் என்பதைவிட, குறைத்த பிறகு கையிலிருந்து எவ்வளவு போகிறது என்பதே முடிவை நிர்ணயிக்க வேண்டிய எண். நூறு சதவீத உதவித்தொகை என்றாலும் விடுதிச் செலவு நம் தலையில் விழுமா என்று பார்க்க வேண்டும்.

## மே மாதத்தில் அவசரப்பட்டு சீட் பிடிப்பது

செட்டிநாட்டில் அதிகப் பணம் வீணாவது இப்படித்தான் என்று நினைக்கிறேன். கவுன்சலிங்கில் என்ன கிடைக்குமோ என்ற பயத்தில், தரவரிசைப் பட்டியல் வருவதற்கு முன்பே சுயநிதிக் கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் பணம் கட்டிவிடுகிறார்கள். அதே கல்லூரி, அதே பிரிவு சில வாரங்கள் கழித்து கவுன்சலிங்கில் கிடைத்திருக்கும்.

2017-ல் கட்டண நிர்ணயக் குழு அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவுகளுக்கு வகுத்த அளவு இது: அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு ஆண்டுக்கு 55,000 ரூபாய், நிர்வாக ஒதுக்கீட்டு இடத்துக்கு 87,000. வித்தியாசம் 32,000. நான்கு வருடத்தில் 1,28,000. சேரும் வருடத்தில் நடப்பில் உள்ள தொகையை வைத்து இதே கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். இதற்கு மேல் 'நன்கொடை' என்று கேட்டால், அது 1992-ஆம் ஆண்டு தமிழ்நாட்டுச் சட்டப்படி குற்றம்.

இழப்பு அதோடு முடிவதில்லை. குடும்பத்தில் முதல் பட்டதாரியாகப் போகும் மாணவருக்கு அரசு கொடுக்கும் கட்டணச் சலுகை ஒற்றைச் சாளரக் கவுன்சலிங் வழியாகச் சேர்ந்தால்தான் கிடைக்கும். ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 சதவீத முன்னுரிமை இடங்களும் அப்படித்தான். 2021 முதல் அந்த இடங்களில் சேர்பவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. சாக்கோட்டையிலோ கல்லலிலோ அரசுப் பள்ளியில் படித்த ஒரு பிள்ளை, இதைத் தெரிந்துகொள்ளாமல் கடன் வாங்கி மேனேஜ்மென்ட் சீட்டில் சேர்ந்தால் அந்தக் குடும்பத்துக்குப் பல லட்சம் நஷ்டம். பள்ளியிலேயே தலைமை ஆசிரியர்கள் பெற்றோரைக் கூப்பிட்டு இதைச் சொல்ல வேண்டும். பல பள்ளிகளில் சொல்கிறார்கள், எல்லாப் பள்ளியிலும் சொல்ல வேண்டும்.

## உதவித்தொகையின் நிபந்தனைகள்

உதவித்தொகையில் இரண்டு வகை உண்டு. அரசும் அறக்கட்டளைகளும் கொடுப்பது மாணவருக்குச் சொந்தம். கல்லூரி தானே கொடுப்பது, உண்மையில் கட்டணத்தில் செய்யும் தள்ளுபடி. இரண்டாவது வகைக் கடிதம் கைக்கு வந்ததும் கீழ்க்கண்டவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

1. ஒரு வருடத்துக்கா, நான்கு வருடத்துக்குமா?
2. தொடர்வதற்கு எந்த சி.ஜி.பி.ஏ. (பத்துக்குக் கணக்கிடும் சராசரி மதிப்பெண்) வேண்டும்? ஒரு பாடத்தில் தோற்று அரியர் விழுந்தால் அந்த வருடம் மட்டும் நிற்குமா, மொத்தமாகப் போய்விடுமா?
3. சதவீதமா, நிலையான தொகையா? நிலையான தொகை என்றால், கட்டணம் ஏறும்போது ஏற்றம் முழுவதும் நம் பங்கு.
4. முதலிலேயே கழித்துக்கொள்வார்களா, முழுதும் கட்டிய பிறகு திருப்பித் தருவார்களா?

இரண்டாவது கேள்விதான் உயிர்நாடி. பள்ளியில் 95 சதவீதம் வாங்கியவர்களாகச் சேர்ந்திருக்கும் வகுப்பில் முதல் செமஸ்டரிலேயே 8.5-க்கு மேல் எடுக்க வேண்டும் என்பது எளிய நிபந்தனை அன்று. தமிழ் வழியில் படித்து வந்தவருக்கு முதல் வருடம் இன்னும் கடினம். முதல் வருடத்தோடு உதவித்தொகை போய்விட்டால் மீதி மூன்று வருடம் முழுக் கட்டணம். அப்போது கல்லூரி மாற்றுவதும் எளிதன்று. கணக்கு போடும்போது 'உதவித்தொகை இரண்டாம் வருடம் நின்றுவிட்டால்?' என்று ஒரு தனி வரி எழுதிப் பாருங்கள். அந்த வரியையும் தாங்கும் என்றால் மட்டும் அந்தக் கல்லூரி உங்கள் பட்டியலில் இருக்கலாம்.

முதல் வகையில் தவறவிடக் கூடாத சில: தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் மத்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ.யின் பிரகதி திட்டம், தொழில்நுட்பப் படிப்பில் சேரும் பெண்களுக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், ஒரு வீட்டில் இரண்டு பெண்கள் வரை. பிளஸ் டூவில் தங்கள் வாரியத்தின் முதல் 20 சதவீதத்துக்குள் வந்த, வருமானம் 4.5 லட்சத்துக்கு உட்பட்ட மாணவர்களுக்கு மத்திய அரசின் ஆண்டு 12,000 ரூபாய்த் திட்டம் உண்டு. இந்த இரண்டிலும் எண்ணிக்கை வரம்பு இருப்பதால் விண்ணப்பித்த எல்லோருக்கும் கிடைக்காது. மாநில அரசின் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில், அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கும் அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் மாதம் 1,000 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் திட்டத்துக்கு வருமான வரம்பு 2.5 லட்சம். செட்டிநாட்டில் ஊர்ச் சங்கங்களும் குடும்ப அறக்கட்டளைகளும் படிப்புக்குக் கொடுப்பது பழைய வழக்கம். அவற்றுக்குப் பெரும்பாலும் இணையதளம் இருக்காது, ஊரில் விசாரிக்க வேண்டும்.

வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரி சான்றிதழ் மூன்றையும் முடிவு வரும் முன்பே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வைத்துக்கொள்வது நல்லது. ஜூன் மாதம் தாலுகா அலுவலகத்தில் கூட்டம் குவியும். மாணவரின் வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். அப்புறம் இன்னொன்று, அரசுத் தொகை கணக்கில் ஏறத் தாமதமாகலாம். முதல் தவணைக் கட்டணத்துக்கு அதை நம்பி இருக்க வேண்டாம்.

## கடன் எவ்வளவு வரை?

கல்விக் கடனில் 4 லட்சம் வரை பிணை கேட்பதில்லை. அதற்கு மேல் 7.5 லட்சம் வரை சில வங்கிகள் மூன்றாம் நபர் ஜாமீன் கேட்கலாம், அதையும் தாண்டினால் பெரும்பாலும் சொத்துப் பிணை கேட்பார்கள். 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில், தரவரிசையில் முன்னிலையில் உள்ள நிறுவனங்களில் சேர்பவர்களுக்குப் பிணையும் ஜாமீனும் இல்லாமல் கடன் கிடைக்கும். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால் 10 லட்சம் வரையான கடனுக்குப் படிப்புக் காலத்திலும் அதற்கடுத்த ஒரு வருடத்திலும் 3 சதவீத வட்டிச் சலுகை. பட்டியலில் எந்தக் கல்லூரி இருக்கிறது என்பதைப் பொறுத்து கடனின் விலையே மாறும் என்பதால் இதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடன் எளிதாகக் கிடைப்பது வேறு, திருப்பிக் கட்ட முடிவது வேறு. ஆண்டுக்கு 3 லட்சம் வீதம் 12 லட்சம் கடன், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிப்பு நான்கு வருடம், அப்புறம் ஒரு வருட அவகாசம். இந்தக் காலத்தில் தனி வட்டி மட்டும் 4.2 லட்சம் சேரும். திருப்பிக் கட்டத் தொடங்கும் நாளில் கடன் 16.2 லட்சம். பத்து வருடத்தில் அடைப்பதென்றால் மாதத் தவணை சுமார் 21,400 ரூபாய், பதினைந்து வருடம் என்றால் சுமார் 17,400.

பெரிய ஐ.டி. சேவை நிறுவனங்கள் புதிதாகச் சேர்பவருக்குக் கொடுப்பது ஆண்டுக்கு 3 முதல் 4 லட்சம். மாதம் கைக்கு வருவது 25,000 ரூபாய்க்கு முன்பின். சென்னையிலோ பெங்களூரிலோ அறை வாடகை கொடுத்து, சாப்பிட்டு, 21,400 தவணையும் கட்ட முடியாது. அப்போது தவணை அப்பாவின் தலையில் ஏறும். அவர் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ உழைப்பவராக இருந்தால் ஊர் திரும்புவது தள்ளிப்போகும். வீட்டில் அடுத்த பிள்ளையின் படிப்பு சுருங்கும். பெண்பிள்ளை என்றால் கல்யாணப் பேச்சில் இந்தக் கடன் வந்து நிற்கும். அந்தக் கல்லூரியில் அந்தப் பிரிவில் நடுவில் நிற்பவரின் மாதச் சம்பளத்தில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் தவணை போகும் என்றால், அந்தக் கடன் வேண்டாம் என்பதே என் கருத்து. கடன் 4 லட்சமாக நின்றால் இதே வட்டியில் பத்து வருடத் தவணை சுமார் 7,100. அது சமாளிக்கக்கூடிய எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

## வளாகச் சூழல்: முடிக்க முடியுமா என்பதை நிர்ணயிப்பது

சூழல் என்றதும் பெற்றோர் மனத்தில் வருவது பாதுகாப்பும் கட்டுப்பாடும். மாணவர் மனத்தில் வருவது கலைவிழா. இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் முக்கியம்: அந்த இடத்தில் உங்கள் பிள்ளையால் வளர முடியுமா?

மொழியிலிருந்து தொடங்கலாம். 2010 முதல் அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டுமானம், இயந்திரவியல் பிரிவுகளில் தமிழ் வழி இருந்தாலும், பெரும்பாலான வகுப்புகள் ஆங்கிலத்தில்தான். தமிழ் வழியில் வந்த மாணவர் சந்தேகம் கேட்கும்போது தமிழில் விளக்கும் ஆசிரியர் இருக்கிறாரா, கேட்டால் சிரிக்கும் வகுப்பா என்பது முதல் இரண்டு செமஸ்டர்களின் அரியர் எண்ணிக்கையில் தெரிந்துவிடும். பெயர் பெற்ற வளாகத்தில் வசதியான வீட்டுப் பிள்ளைகளோடு ஈடுகொடுக்க முடியாமல் ஒதுங்கிப்போகும் மாணவர்கள் உண்டு. அதே வளாகத்தில் நல்ல நண்பர்கள் கிடைத்து இரண்டு வருடத்தில் ஆளே மாறியவர்களும் உண்டு. முன்கூட்டிச் சொல்ல முடியாது, ஆனால் அங்கே படிக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளைக் கேட்டால் ஓரளவு தெரியும்.

கட்டுப்பாட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆணும் பெண்ணும் பேசினால் அபராதம், போன் பறிமுதல், மாலை ஆறு மணிக்கு மேல் பெண்கள் நூலகத்துக்குப் போகக் கூடாது என்பவை சில கல்லூரிகளில் ஒழுக்கம் என்ற பெயரில் பெற்றோருக்கு விற்கப்படுகின்றன. மூன்றாம் வருட மாணவி இரவு எட்டு மணி வரை ஆய்வகத்தில் இருந்து ப்ராஜெக்ட் செய்ய முடியவில்லை என்றால், அதே கட்டணம் கட்டிய ஆண் மாணவனைவிட அவளுக்குப் பாதிப் படிப்புதான் கிடைக்கிறது. பாதுகாப்பு வேண்டும், அதில் மாற்றுக் கருத்து இல்லை. பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழு செயல்படுகிறதா, ராகிங் தடுப்புக் குழுவில் யார் இருக்கிறார்கள், விடுதிக் காப்பாளர் இரவில் அங்கேயே தங்குகிறாரா என்று கேளுங்கள். ராகிங் நடந்தால் 1800-180-5522 என்ற தேசிய உதவி எண்ணை எந்த மாணவரும் அழைக்கலாம். சாதிவாரியாகக் குழு பிரிந்து நிற்கும் வளாகமா என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்வதில் கூச்சம் வேண்டாம்.

வீட்டிலிருந்து போய்வருவதற்கும் ஒரு விலை உண்டு, அது பணத்தில் தெரியாது. கல்லூரிப் பேருந்து மாலையில் கிளம்பிவிட்டால் அதன் பிறகு நடக்கும் எதிலும் கலந்துகொள்ள முடியாது. பள்ளிக் கூட்டாளிகளோடே நான்கு வருடமும் போய்விடும். பெரிய நகரத்தில் கிடைக்கும் இன்டர்ன்ஷிப் இங்கே எளிதில் கிடைக்காது. இதை ஈடுகட்டக் கோடை விடுமுறைகளைத் திட்டமிட்டுப் பயன்படுத்த வேண்டும். காரைக்குடியிலிருந்து காலையில் பல்லவன் ரயில் ஏறினால் மதியம் சென்னை. மிச்சமாகும் லட்சங்களில் ஒரு சிறு பங்கை ஒதுக்கி இரண்டு கோடைகளில் வெளியூரில் பயிற்சி எடுக்க வைத்தாலே இந்தக் குறையில் பெரும்பகுதி தீரும்.

வளாகத்தைப் பார்க்கப் போவதென்றால் கல்லூரியே அழைக்கும் நாளில் போகாமல், சாதாரண வேலைநாளில் போங்கள். இரண்டாம் வருட மாணவர்களிடம் பேசுங்கள். முதல் வருட மயக்கம் அவர்களுக்குத் தெளிந்திருக்கும்.

## பெயருக்குக் கூடுதல் பணம் கொடுப்பது எப்போது சரி?

இந்தக் கேள்வியை அமெரிக்காவில் கவனமாக ஆராய்ந்திருக்கிறார்கள். பொருளியல் அறிஞர்கள் ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் இருவரும் 2002-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரே மாதிரிக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்து இடமும் கிடைத்த மாணவர்களை ஒப்பிட்டார்கள். பெயர் பெற்ற கல்லூரியில் சேர்ந்தவருக்கும், இடம் கிடைத்தும் பெயர் குறைந்த கல்லூரியில் சேர்ந்தவருக்கும் பிற்கால வருமானத்தில் பெரிய வேறுபாடு இல்லை. திறமையான மாணவர் எங்கே படித்தாலும் மேலே வருகிறார் என்று பொருள். ஆனால் ஏழைக் குடும்பத்து மாணவர்கள் இதற்கு விலக்கு. அதே ஆய்வாளர்களின் பிந்தைய ஆய்வில், அதிகம் படிக்காத பெற்றோரின் பிள்ளைகளும் விலக்காகத் தெரிந்தார்கள். அவர்களுக்குப் பெயர் பெற்ற கல்லூரி உண்மையிலேயே வருமானத்தைக் கூட்டியது. வீட்டில் இல்லாத தொடர்புகளை வளாகம் கொடுத்திருக்கலாம். ராஜ் செட்டி, டேவிட் டெமிங், ஜான் ஃப்ரீட்மன் மூவரும் 2023-ல் வெளியிட்ட ஆய்வும் ஏறக்குறைய இதே திசைதான். உச்சிக் கல்லூரிகளால் சராசரி வருமானம் அதிகம் மாறவில்லை, ஆனால் நாட்டின் உச்ச 1 சதவீத வருமானக்காரர்களில் ஒருவராகும் வாய்ப்பு கணிசமாகக் கூடியது.

அமெரிக்க எண்களை அப்படியே இங்கே பொருத்த முடியாது. ஆனால் அவை நம் முடிவில் ஒரு முரணைக் காட்டுகின்றன. பெயரால் அதிகம் பயன்பெறக்கூடியவர் முதல் தலைமுறை மாணவர். கடனால் அதிகம் அடிபடக்கூடியவரும் அவரே. இந்த முரணுக்குத் தமிழ்நாட்டில் ஒரு விடை இருக்கிறது. முதல் தலைமுறை மாணவர் தேட வேண்டியது அரசு உச்சி நிறுவனங்களின் பெயரை. அங்கே பெயரும் உண்டு, வருமானச் சலுகையும் உண்டு. ஐ.ஐ.டி., என்.ஐ.டி. சேர்க்கைக்கான ஜே.இ.இ. நுழைவுத் தேர்வை எழுதாமலேயே விட்டுவிடுவது அவருக்குத்தான் அதிக நஷ்டம். விலை கூடிய தனியார் பெயரோ ஏற்கெனவே தொடர்புகளும் பணமும் உள்ள வீட்டுக்குத் தாங்கும், ஆனால் அந்த வீட்டுப் பிள்ளைக்கு அது அவ்வளவு தேவையும் இல்லை.

கூடுதல் பணம் நியாயமாகும் சூழல்கள் சில உண்டு. விரும்பும் பாடப்பிரிவு குறைந்த செலவுக் கல்லூரிகளில் இல்லாமல் இருப்பது ஒன்று. அந்தப் பிரிவுக்கென்றே வரும் நிறுவனங்கள் அந்த வளாகத்துக்கு மட்டும் வருவது, அதுவும் விவரப் படிவத்தில் தெரியும்படி வருவது, இன்னொன்று. சேமிப்பிலிருந்தே கட்ட முடிகிறது, கடன் தேவையில்லை என்றால் அது குடும்பத்தின் விருப்பம்.

## விருப்பப் பட்டியலில் எப்படி எழுதுவது

இவ்வளவு யோசித்த பிறகு கடைசியில் எல்லாம் ஒரு பட்டியலாகத்தான் மாற வேண்டும். பொறியியல் கவுன்சலிங்கில் கட் ஆஃப் 200-க்கு: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. கட் ஆஃப் தரவரிசைப்படி உங்கள் முறை வரும்போது, நீங்கள் எழுதிய வரிசையில் மேலிருந்து எது காலியாக இருக்கிறதோ அது ஒதுக்கப்படும். அதனால் 'கிடைக்குமோ கிடைக்காதோ' என்று பயந்து கீழே உள்ளதை மேலே எழுதத் தேவையில்லை. கிடைக்காதது தாண்டிப்போகும், அவ்வளவுதான்.

கல்லூரியும் பாடப்பிரிவும் சேர்ந்ததே ஒரு விருப்பம். எழுதும் முன் மூன்று வேலைகளை இந்த வரிசையில் செய்யுங்கள்.

1. நான்கு வருட நிகரச் செலவு குடும்பத்தின் எல்லையைத் தாண்டும் எல்லாவற்றையும் அடித்துவிடுங்கள். எவ்வளவு பெயர் இருந்தாலும்.
2. மிஞ்சியதைப் பாடப்பிரிவின் தரப்படி வரிசைப்படுத்துங்கள்: ஆசிரியர்கள், இடைநிலைச் சம்பளம், உரிய காலத்தில் முடித்தவர்கள்.
3. அதில் அருகருகே நிற்பவற்றை வளாகச் சூழலை வைத்து மேலும் கீழும் மாற்றுங்கள். இரண்டு கல்லூரிகள் அப்போதும் சமமாக நின்றால், தெருவில் உள்ள பெயரைக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும், அதை ஏற்றுச் சேர்வதா, ஏற்றுக்கொண்டு மேலே உள்ள விருப்பத்துக்குக் காத்திருப்பதா என்று குறித்த நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். அந்த நாட்களில் மாணவரின் போன் அவர் கையில் இருக்கட்டும். கெடு தாண்டினால் இடம் போய்விடும்.

சரி, பயத்தில் ஏற்கெனவே வேறொரு கல்லூரியில் பணம் கட்டிவிட்டீர்கள், இப்போது நல்ல ஒதுக்கீடு வந்திருக்கிறது என்றால்? அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ள யு.ஜி.சி. விதிகளில் இடமில்லை. பொறியியல் கல்லூரி என்றால் ஏ.ஐ.சி.டி.இ. குறிக்கும் கடைசித் தேதிக்குள் விலகுபவருக்கு, அதிகபட்சம் 1,000 ரூபாயைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். விலகல் கடிதத்தை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையோடு கையெழுத்து வாங்குங்கள். அல்லது மின்னஞ்சலில் அனுப்பித் தேதியைப் பதிவாக்கிக்கொள்ளுங்கள். கடைசித் தேதிக்கு முன்பு விலகியதற்கு அதுவே ஆதாரம்.